தாளிடச் சொன்ன தாள்

எட்டாம் ஹென்றிக்குக் குழந்தைகள் மீது இருந்த அக்கறை அலாதியானது. அவர் பெற்ற குழந்தைகளைச் சொல்லவில்லை. ஊரார் பெற்ற குழந்தைகளை. அந்தக் கால இங்கிலாந்தில், அரசரிடம் நேரடியாக நிலம் பெற்றிருந்த ஒருவர் வாரிசு வயதுக்கு வருமுன் இறந்துபோனால், பிள்ளையும் நிலமும் அரசர் கைக்குப் போகும். பிள்ளை வளரும்வரை நிலத்து வருமானம் அரசருக்கு. அந்தப் பிள்ளை யாரைக் கல்யாணம் கட்டலாம் என்பதும் அரசர் இஷ்டம். அந்த இஷ்டத்தை நல்ல விலைக்கு வேறொருவருக்கு விற்றுவிடுவதும் உண்டு. தகப்பனை இழந்த பணக்காரப் பிள்ளை என்றால் கஜானாவுக்கு அது காய்த்துக் குலுங்கும் மரம். வசூலில் ஓட்டை விழக்கூடாது என்று 1540-இல் இதற்கென்றே ஒரு தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தினார் ஹென்றி. கதியற்ற குழந்தைகளின் கடைசிப் புகலிடம் என்று பின்னாளில் நீதிபதிகள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஓர் அதிகாரம், அப்படி ஒரு வசூல் ஆபீஸில்தான் கண் விழித்தது.

பிரபுக்களுக்கு அந்த நீதிமன்றத்தைக் கண்டாலே ஆகவில்லை. உள்நாட்டுப் போர் வந்தது, அரசரின் தலையே போனது, கடைசியில் 1660-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் கடையை இழுத்து மூடியது. கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்துத் தெருவில் இன்னொரு கடை திறந்திருந்தது: லார்ட் சான்சலரின் சான்சரி நீதிமன்றம். சித்தம் கலங்கியவர்களையும் புத்தி வளராதவர்களையும் அரசர் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து காப்பார் என்பது பழைய மரபு. ‘நாட்டின் தந்தை’ என்று அதற்கு லத்தீனில் ஒரு பெயரும் இருந்தது. அந்தக் குடைக்குள் குழந்தைகள் எப்படி வந்து நுழைந்தார்கள் என்பதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம், கேட்டால் சிரிப்பு வரும்.

எட்வர்ட் கோக் என்ற பெரிய சட்ட மேதை 1603-ஆம் ஆண்டு வழக்கு ஒன்றை எழுதி வைத்திருந்தார். பெவர்லி வழக்கு என்று அதற்குப் பெயர். மனநிலை சரியில்லாதவர்களைப் பற்றிய வழக்கு அது. அந்தக் காலத்து வக்கீல்கள் எழுதியது அரைகுறை பிரெஞ்சு. அதில் ‘புத்தி வளராதவர்’ என்ற சொல் இருக்க வேண்டிய ஓரிடத்தில் ‘குழந்தை’ என்று பொருள்படும் சொல் அச்சாகிவிட்டது. 1722-இல், சிறுவனாக இருந்த ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவை யார் வளர்ப்பது என்று ஒரு சண்டை சான்சரிக்கு வந்தபோது, இந்தப் பழைய எழுத்தையும் துணைக்கு வைத்துக்கொண்டு, குழந்தைகளும் அரசரின் பாதுகாப்பில் வருவார்கள் என்று முடிவானது. அச்சுப்பிழைதான் ஒரு சட்டக் கோட்பாட்டைக் குழந்தைகள் பக்கம் திருப்பிவிட்டது என்று லாரன்ஸ் கஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1978-இல் எழுதினார். எல்லாப் பழியையும் அச்சுக்கோப்பவர் தலையில் போடுவது கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது. அந்த அதிகாரம் கைக்கு வர வேண்டும் என்று சான்சலர்களுக்கும் ஆசை இருந்திருக்கும். எப்படியோ, வாசல் திறந்துவிட்டது. அதன் வழியாக அடுத்து நுழைந்தவர் ஒரு கவிஞர்.

1816 டிசம்பரில் பெர்சி ஷெல்லியின் முதல் மனைவி ஹேரியட், லண்டன் ஹைட் பார்க் ஏரியில் மூழ்கிய நிலையில் கண்டெடுக்கப்பட்டார். அவரைக் கைவிட்டு மேரி என்ற வேறொரு பெண்ணுடன் போயிருந்த ஷெல்லி, தன் இரண்டு குழந்தைகளையும் கேட்டு வந்தார். ஹேரியட்டின் தகப்பனார் கொடுக்க மறுத்துச் சான்சரிக்குப் போனார். அங்கே உட்கார்ந்திருந்தவர் லார்ட் எல்டன். தீர்ப்பை ஒத்திப்போடுவதில் பேர்போன மனிதர். இந்த வழக்கில் மட்டும் சில மாதங்களிலேயே முடிவு சொன்னார். நாத்திகம் எழுதுகிறவர், அதன்படியே நடக்கவும் செய்கிறவர், இவரிடம் பிள்ளைகளை விட முடியாது. பெற்ற தகப்பனிடமிருந்து பிள்ளைகளைப் பிரிக்க அரசரின் பேரால் ஒரு நீதிபதிக்கு முடியும் என்பது 1817-இல் ஊரறிந்த செய்தியானது. அதே ஆண்டு ஷெல்லியின் நண்பர் பைரனின் ஒரு வயதுக் குழந்தையையும் அம்மாக்காரி முந்திக்கொண்டு சான்சரியின் பராமரிப்பில் சேர்த்துவிட்டார். பின்னாளில் உலகின் முதல் கணினி நிரலாளர் என்று கொண்டாடப்பட்ட ஏடா லவ்லேஸ்தான் அந்தக் குழந்தை. அந்த அம்மாக்காரியை மறக்க வேண்டாம். இந்தக் கதைக்குள் அவர் இன்னொரு முறை பணப்பையோடு வருவார்.

எல்டனின் அதிகாரத்துக்கு ஒரு விசித்திரமான பூட்டு இருந்தது: சொத்து. 1827-இல் வெல்லிங்டன் பிரபுவின் உறவினர் ஒருவரின் குழந்தைகள் வழக்கு வந்தபோது எல்டன் அதை ஒளிக்காமல் சொன்னார். குழந்தைக்குச் சொத்து இருந்தால் அதை வைத்து நீதிமன்றம் பராமரிக்கும். சொத்தே இல்லாத குழந்தைக்கு நீதிமன்றம் எங்கிருந்து கொண்டுவந்து கொட்டும்? அதிகாரம் இல்லை என்பதல்ல, செலவுக்கு வழியில்லை என்பதே அவர் சொன்னதன் சாரம். வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? குழந்தையின் பேரில் 100 பவுண்டு எழுதி வைத்து, ‘இதோ சொத்து’ என்று காட்டி வழக்குப் போடும் தந்திரம் பிறந்தது. அது 1949 வரை ஓடியது. ஆனால் 100 பவுண்டு எழுதி வைக்க ஆளில்லாத பிள்ளைகள்தான் தெருவில் அதிகம். அவர்கள் பக்கம் எந்தச் சான்சலரும் திரும்பவில்லை. திரும்பியவர் பிரிஸ்டல் நகரத்து ஒரு பாதிரியாரின் மகள்.

மேரி கார்ப்பென்டர் கல்யாணம் செய்துகொள்ளாதவர், பிடிவாதக்காரர். திருடி மாட்டிய பத்து வயதுப் பையனையும் பெரிய திருடர்களோடு ஒரே சிறையில் அடைத்துவைத்த காலத்தில், அந்தப் பிள்ளைக்குத் தேவை வீடு, சிறை அல்ல என்று 1851-இல் புத்தகம் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் கிங்ஸ்வுட் என்ற இடத்தில், மெத்தடிஸ்ட் சபையை நிறுவிய ஜான் வெஸ்லி நடத்திய பழைய பள்ளிக்கூடக் கட்டடம் காலியாகக் கிடந்தது. ரஸ்ஸல் ஸ்காட் என்ற புண்ணியவான் வாங்கிக் கொடுக்க, 1852-இல் அங்கே தன் சீர்திருத்தப் பள்ளியைத் தொடங்கினார் மேரி. பையன்களும் பெண்களும் ஒரே இடத்தில் சரிப்படவில்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனி வீடு வேண்டும், காசுக்கு எங்கே போவது என்று அவர் தவித்தபோது, பிரிஸ்டலின் ரெட் லாட்ஜ் மாளிகையை விலைக்கு வாங்கி அவர் கையில் கொடுத்தார் ஒரு பெண்மணி. அவர்தான் பைரனின் மனைவி. 1854-இல் ரெட் லாட்ஜ் திறந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்றமும் சீர்திருத்தப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்டது, மேரிக்குப் பிடிக்காத ஒரு நிபந்தனையோடு: பள்ளிக்கு வருமுன் பிள்ளை 14 நாளாவது சிறையில் இருந்துவிட்டு வர வேண்டும்.

1857-இல் வந்த அடுத்த சட்டம் இன்னும் ஒரு படி போனது. தெருவில் அலைகிற, திருடாத பிள்ளைகளையும் தொழிற்பள்ளிக்கு அனுப்பலாம். குற்றமே செய்யாத பிள்ளையை அதன் நன்மைக்காக ஓரிடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது இப்படித்தான் ஏழைகளின் சட்டத்துக்குள் வந்தது. மேரி 1866-இல் கப்பலேறி இந்தியா வந்தார், சென்னைக்கும் வந்தார், இங்கேயும் சிறைகளைப் பார்த்துவிட்டு இதையே வலியுறுத்தினார். பத்தாண்டு கழித்து இந்தியாவுக்கும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. செங்கல்பட்டுப் பள்ளி 1887-இல் எழுந்தது அந்த வரிசையில்தான். அது தனிக் கதை. கிங்ஸ்வுட்டைப் பொறுத்தவரை, மேரியின் மந்திரம் அன்பு. அதே மண்ணில் நூறு வருஷம் கழித்து என்ன கட்டப்போகிறார்கள் என்று தெரிந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பாரோ.

1933-இல் சீர்திருத்தப் பள்ளிகளும் தொழிற்பள்ளிகளும் ஒன்றாகி ‘அங்கீகரிக்கப்பட்ட பள்ளிகள்’ என்று பெயர் மாறின. பூட்டாத பள்ளிகள்தான், ஓட நினைத்த பையன் ஓடினான். பிடித்துக்கொண்டு வந்தார்கள். மறுபடி ஓடினான். இப்படியே ஓடிக்கொண்டிருந்த வண்டி 1959 ஆகஸ்டில் பெட்ஃபோர்ட்ஷயரின் கார்ல்டன் பள்ளியில் குடை சாய்ந்தது. ஒரு வார இறுதியில் பையன்கள் கலகம் செய்தார்கள். கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம், அமைச்சருக்குத் திண்டாட்டம். விக்டர் டுராண்ட் என்ற வழக்கறிஞரை விசாரிக்கச் சொன்னார்கள். 1960 தொடக்கத்தில் வந்த அவருடைய அறிக்கை, அடங்காத சில பையன்களுக்கு மூடிய கட்டடம் ஒன்று வேண்டும் என்றது.

அந்த வகையில் முதலாவது 1964-இல் திறந்தது. எங்கே? பிரிஸ்டலுக்குப் பக்கத்தில், கிங்ஸ்வுட்டில். மேரி கார்ப்பென்டர் தொடங்கிய அதே பள்ளியின் வளாகத்தில். அடுத்த ஆண்டு லங்காஷயரின் ரெட்பேங்க். 1971-இல் எஸ்ஸெக்ஸில் செயின்ட் சார்ல்ஸ். கதவு, பூட்டு, சாவிக்கொத்து எல்லாம் வந்துவிட்டன. யார் சொன்னால் பூட்டலாம் என்பதுதான் பாக்கி. அதற்கு, சிறுவர்களுக்கென்று 1969-இல் வந்த ஒரு சட்டம் தெரியாத்தனமாக ஒரு பதிலை வைத்திருந்தது.

அந்தச் சட்டம் நல்ல மனசோடு எழுதப்பட்டது. குற்றம் செய்த பிள்ளை, கைவிடப்பட்ட பிள்ளை என்ற பேதத்தைக் குறைத்து, இருவரையும் உள்ளாட்சியின் பராமரிப்பில் ஒப்படைத்தது. ஒப்படைத்த பிறகு பிள்ளையை எங்கே வைப்பது என்பது உள்ளாட்சியின் பாடு. பூட்டிய காப்பகத்தில் வைத்தாலும் அது ‘எங்கே வைப்பது’தான்! ஆக, கொலைகாரனைப் பூட்டக்கூட நீதிபதி வேண்டியிருந்த நாட்டில், வீட்டைவிட்டு ஓடிய பதினாலு வயதுப் பெண்ணைப் பூட்ட அதிகாரி ஒருவரின் முடிவு போதும் என்றானது. எத்தனை நாள்? அதற்கும் அவர்தான் பதில். 1978-இல் டார்ட்டிங்டன் ஆய்வுக் குழுவைச் சேர்ந்த மில்ஹாம், புல்லக், ஹோஸி மூவரும் ‘குழந்தைகளைப் பூட்டி வைத்தல்’ என்று அப்பட்டமாகப் பெயர் வைத்து ஒரு புத்தகம் போட்டார்கள். பூட்டப்பட்டவர்களில் பலர் ஆபத்தானவர்களே அல்ல, மற்ற இடங்களுக்குத் தொந்தரவானவர்கள் என்பதை அது எடுத்துக்காட்டியது. சட்டத்தில் இருந்த ஓட்டையை அடைக்கச் சொல்லி நெருக்கியதோ இங்கிலாந்துக்கு வெளியே இருந்த ஓர் ஊர்: ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இருக்கும் ஸ்ட்ராஸ்பர்க்.

ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் ஐந்தாவது பிரிவு, ஒருவரின் சுதந்திரத்தைப் பறித்தால் அவர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருக்க வேண்டும் என்கிறது. சிறுவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: கல்வி சார்ந்த கண்காணிப்புக்காக என்றால் அடைத்து வைக்கலாம். அதற்கும் சட்டபூர்வமான ஆணை வேண்டும். அதிகாரியின் மனசு ஆணையாகுமா? ஆகாது என்று லண்டனுக்குப் புரிந்தது. 1982 குற்றவியல் நீதிச் சட்டத்தில் ஒரு பிரிவைச் செருகினார்கள். 1983 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. இனிமேல் எந்த 28 நாளிலும் 72 மணி நேரம்வரைதான் உள்ளாட்சி தானாகப் பூட்டலாம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் என்றாலும் நீதிமன்ற வாசல்.

பெல்ஜியத்தில் அதே சமயம் எதிர்ப்பாட்டு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பதினாறு வயது மொராக்கோ பையன் ஒருவனை எந்த இல்லமும் ஏற்க மறுத்தது. இடம் கிடைக்காவிட்டால் 15 நாள்வரை பெரியவர்களின் சிறையில் வைக்கலாம் என்று அங்கே சட்டம். 15 நாள் போதவில்லை என்றால்? வெளியே விட்டுவிட்டு மறுபடி உள்ளே. 1980 என்ற ஒரே ஆண்டில் லான்டின் சிறைக்கு ஒன்பது தடவை போனான் அந்தப் பையன். மொத்தம் 119 நாள். 1988 பிப்ரவரி 29-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க் நீதிபதிகள் சொன்னது, பின்னால் வந்த எல்லாத் தீர்ப்புகளிலும் எதிரொலித்தது: கல்விக் கண்காணிப்பு என்று சட்டம் போட்டால், அதற்கேற்ற இடத்தையும் நாடு கட்டி வைத்திருக்க வேண்டும். இடமில்லை என்பது சமாதானம் ஆகாது.

லண்டனில் அடுத்த வருஷமே பெரிய சட்டம் ஒன்று நிறைவேறியது. சிறுவர் சட்டம், 1989. அதன் 25-ஆவது பிரிவுதான் இன்றுவரை பூட்டிய காப்பகத்தின் சட்டச் சாவி. பிள்ளை அடிக்கடி ஓடிப்போன சரித்திரம் இருக்க வேண்டும், இனியும் ஓடக்கூடும், ஓடினால் பெருந்தீங்கு நேரும் என்று காட்ட வேண்டும்; அல்லது வேறு எங்கே வைத்தாலும் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் என்று காட்ட வேண்டும். முதல் தடவை மூன்று மாதம், பிறகு ஆறாறு மாதம். பதின்மூன்று வயது நிரம்பாவிட்டால் அமைச்சரே அனுமதிக்க வேண்டும். பிள்ளைக்கு வக்கீல் வைத்துக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும். கணக்காகத் தைத்த சட்டை. அதே சட்டத்தின் 100-ஆவது பிரிவில் இன்னொரு வேலையும் செய்தார்கள். எல்டன் காலத்து அந்தப் பழைய அரச அதிகாரத்தை உள்ளாட்சிகள் இஷ்டத்துக்குப் பயன்படுத்தி வந்தன. அந்தக் கதவை ஏறக்குறையச் சாத்தினார்கள். ஏறக்குறைய என்பதுதான் விஷயம். வேறு எந்தச் சட்டத்திலும் வழியே இல்லை, தலையிடாவிட்டால் பிள்ளைக்குப் பெருந்தீங்கு என்றால் மட்டும் உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு வரலாம் என்று ஓர் இடுக்கு விட்டுவைத்தார்கள். யாராவது எப்போதாவது வருவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஒருத்தி வந்தாள். பதினாறு வயது, சாப்பாட்டை மறுக்கும் நோய். உடம்பு கரைந்துகொண்டிருந்தது, சிகிச்சை விடுதியிலிருந்து திரும்பத் திரும்ப ஓடினாள். 1997-இல் வழக்கு நீதிபதி வால் முன்னால் வந்தது. 25-ஆவது பிரிவை எடுத்தார், பொருந்தவில்லை. அந்த விடுதி வைத்தியம் பார்க்கும் இடம், ‘பூட்டிய காப்பகம்’ என்று சட்டம் சொல்லும் வகை அல்ல. அப்படியானால் அவள் போகலாம், போனால் பிழைக்கமாட்டாள். வால் அந்த இடுக்கு வழியாகக் கையை நீட்டினார். சட்டத்தில் இல்லாவிட்டாலும், அரசரின் தகப்பன் அதிகாரத்தில் அவளை விடுதியிலேயே வைத்திருக்கலாம்; தேவையான அளவு பலத்தையும் பயன்படுத்தலாம்; ஆனால் 25-ஆவது பிரிவு தரும் பாதுகாப்புகள் எல்லாம் இதற்கும் வேண்டும். ஹென்றியின் வசூல் ஆபீஸிலிருந்து வந்த ஓடையும், மேரி கார்ப்பென்டரின் கிங்ஸ்வுட்டிலிருந்து வந்த ஓடையும் கலந்தது அங்கேதான். ஒரு காலத்தில் பணக்காரப் பிள்ளையின் சொத்தைக் காத்த அதிகாரம், இங்கே ஒரு பிள்ளைக்குக் கதவைச் சாத்தும் தாளானது. ஒரேயொரு பெண்ணுக்காக.

2000-ஆம் ஆண்டு 25-ஆவது பிரிவின் அடித்தளத்தையே ஒரு பதினைந்து வயதுப் பையன் ஆட்டிப் பார்த்தான். மனித உரிமைச் சட்டம் அப்போதுதான் அமலுக்கு வந்திருந்தது. குற்றமே இல்லாமல் என்னைப் பூட்டுவது எந்த உரிமையில் சேர்த்தி என்பது அவன் கேள்வி. மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் ஒருவர், தகப்பன் பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பது போலத்தான் இது, சுதந்திரப் பறிப்பே அல்ல என்றார். பட்லர்-ஸ்லாஸ் அம்மையாரும் மற்றவரும் அவ்வளவு தூரம் போகவில்லை. இது பறிப்புதான், ஆனால் கல்விக் கண்காணிப்பு என்ற விதிவிலக்கில் அடங்கும்; கல்வி என்றால் கரும்பலகை மட்டுமல்ல. பையன் தோற்றான். பூட்டுவதைப் ‘பூட்டுவது’ என்றே சொல்ல வேண்டும் என்பதையாவது வென்று கொடுத்துவிட்டுப் போனான்.

அதே 2000-இல் அயர்லாந்தில் நடந்ததைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. டப்ளின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பீட்டர் கெல்லிக்குத் தினமும் இதே பிழைப்பு: இந்தப் பிள்ளைக்கு இடமில்லை, அந்தப் பிள்ளைக்கு இடமில்லை. அரசு வாக்குறுதி கொடுத்துக்கொண்டே இருந்தது, கட்டடம் எழவில்லை. அவருக்குப் பொறுமை போயிற்று. பிப்ரவரியில் அமைச்சருக்கே ஆணை போட்டார்: இன்னின்ன இடத்தில், இன்னின்ன தேதிக்குள் காப்பகங்களைக் கட்டி முடி. ஒரு நீதிபதி ஆணைத் தாளை நீட்டுவதோடு நிற்காமல் அறையையும் கேட்டது அபூர்வம். 2001 டிசம்பரில் அயர்லாந்து உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் தூக்கி எறிந்தது. கட்டுவதும் செலவழிப்பதும் அரசின் வேலை, நீதிபதியின் வேலை அல்ல. 1827-இல் எல்டன் கைவிரித்த அதே இடத்துக்கு வண்டி வந்து நின்றது.

இங்கிலாந்தில் 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இன்னொரு பக்கம் திரியைக் கொளுத்திப் போட்டது. செஷயர் வெஸ்ட் வழக்கு. எப்போதும் கண்காணிப்பு, நினைத்தால் வெளியே போக முடியாது: இந்த இரண்டும் இருந்தால் அது சுதந்திரப் பறிப்பு என்றார் ஹேல் அம்மையார். இடம் எவ்வளவு சொகுசாக இருந்தால் என்ன, தங்கத்தில் செய்தாலும் கூண்டு கூண்டுதான். நியாயமான பேச்சு. ஆனால் அதுவரை ‘கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ இல்லங்களுக்கு இப்போது தாள் வேண்டியிருந்தது. உள்ளாட்சிகள் 25-ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு ஓடினால் பூட்டிய காப்பகங்களில் படுக்கை இல்லை. வேறு எங்கே வைக்க? வாடகை வீடு, விடுமுறைக் குடில், கிடைத்த இடம். அவை ‘பூட்டிய காப்பகம்’ அல்ல. 25-ஆவது பிரிவு செல்லாது. அப்போதுதான் எல்லோருக்கும் நீதிபதி வால் கையை நீட்டிய அந்த இடுக்கு ஞாபகம் வந்தது.

2017 ஆகஸ்ட் 3. குடும்ப நீதிமன்றப் பிரிவின் தலைவர் சர் ஜேம்ஸ் மன்பி முன்னால் பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் வழக்கு. தன்னை மாய்த்துக்கொள்வதில் தீவிரமாக இருந்தாள். அவள் இருந்த காவல் இல்லத்திலிருந்து வெளியேற 11 நாள்தான் பாக்கி. நாடு முழுவதும் தேடியும் அவளுக்கேற்ற ஒரு படுக்கை இல்லை. அவளைப் பூட்ட அனுமதிக்கும் தாளை மன்பி எத்தனை வேண்டுமானாலும் எழுதித் தரலாம். படுக்கையை எழுதித் தர முடியாது. அவர் என்ன செய்தார் என்றால், அதையே தீர்ப்பாக எழுதினார். அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் நம் கைகளில் ரத்தக் கறை என்றார். தீர்ப்பின் நகலை உள்துறை, சுகாதாரம், கல்வி, நீதித் துறை அமைச்சர்களுக்கும் தேசிய சுகாதார சேவையின் தலைவருக்கும் அனுப்பச் சொன்னார். பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. நாலு நாளுக்குள், இல்லாத படுக்கை வந்துவிட்டது! மன்பிக்கு அதில் சந்தோஷம் இல்லை. பெரிய நீதிபதி முன்னால் வந்த பிள்ளைக்குக் கிடைக்கிறது, வராத பிள்ளைக்கு? நீதிபதி தலையிட்டால்தான் படுக்கை வரும் என்று இருக்கக்கூடாது என்றுதான் அடுத்த தீர்ப்பிலும் எழுதினார்.

அவர் பயந்தது எண்ணிக்கையில் வந்தது. உயர் நீதிமன்றத்தின் பழைய அதிகாரத்தைக் கேட்டு இங்கிலாந்தில் 2017-18-இல் வந்த மனுக்கள் 103. 2020-21-இல் 579. அதற்குள் அந்தத் தாளுக்கு ஒரு செல்லப் பெயரும் ஒட்டிக்கொண்டது. வக்கீல்களும் சமூகப் பணியாளர்களும் அதை ‘டோல்ஸ்’ என்கிறார்கள். ‘சுதந்திரப் பறிப்பு’ என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள். காலையில் ஒரு டோல்ஸ் கேட்க வேண்டும், மத்தியானம் ஒரு டோல்ஸ் முடிகிறது என்று ரேஷன் கார்டு புதுப்பிப்பது மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். யார் கூட இருக்கலாம், எத்தனை பேர் இருக்கலாம், கதவைப் பூட்டலாமா, ஜன்னல் எவ்வளவு திறக்கலாம், கைபேசியை வாங்கி வைக்கலாமா, பிடித்து நிறுத்தலாமா என்றெல்லாம் சில பக்கங்களில் எழுதி நீதிமன்ற முத்திரை வைத்த தாள். அரசரின் வசூல், அச்சுப்பிழை, ஷெல்லியின் கண்ணீர், மேரியின் பள்ளி, கார்ல்டன் கலகம், சாப்பிட மறுத்த ஒரு பெண் எல்லோரும் சேர்ந்து பெற்ற பிள்ளை அதுதான்.

பிறந்த பிள்ளையின் ஜாதகத்தை 2021 ஜூலையில் இரண்டு தடவை கணித்தார்கள். ஒன்று, விகன் உள்ளாட்சி கொண்டுவந்த வழக்கு. ஆட்டிசம் உள்ள பன்னிரண்டு வயதுப் பையன், நோயே இல்லாமல் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் வார்டில் அடைபட்டுக் கிடந்தான்; போக வேறு இடமில்லை. தாளைக் கொடுங்கள் என்றது உள்ளாட்சி. நீதிபதி மெக்டொனால்ட் மாட்டேன் என்றார். இடமில்லை என்ற காரணத்துக்காக இந்தக் கொடுமையைப் பிள்ளையின் நன்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. இந்தக் கதை முழுக்கப் பார்த்தால், தாளை எழுத மறுத்த அந்தக் கைதான் இதில் ஆகத் தைரியமானது என்று சொல்லத் தோன்றுகிறது.

இன்னொன்று, ஜூலை 30-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. வேல்ஸ் நாட்டின் கேர்ஃபில்லி உள்ளாட்சியின் பராமரிப்பில் இருந்த பதினைந்து வயதுப் பெண்ணின் வழக்கு. அவளே மேல்முறையீடு செய்திருந்தாள். அந்த இடத்தில் இருக்க நானே சம்மதிக்கிறேன், பிறகு எதற்கு என்னைப் பூட்டும் தாள் என்பது அவள் வாதம். அதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உள்ளே இருந்தது. பதிவு செய்யாத சிறுவர் இல்லத்தை நடத்துவது 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குற்றமாகிவிட்ட ஓர் இடத்தில் பிள்ளையை வைக்க உயர் நீதிமன்றம் அனுமதி தரலாமா? லேடி பிளாக் தீர்ப்பு எழுதினார். தரலாம், வேறு வழியே இல்லாத கட்டாயத்தில் மட்டும். பிள்ளைகளைக் காப்பதற்கென்றே இத்தனை காலம் இருந்த நீதிமன்றம், காக்க வழியில்லை என்று கைவிரிப்பதை நினைத்தே பார்க்க முடியாது என்றார். லார்ட் ஸ்டீஃபன்ஸ் இடப் பற்றாக்குறையை வெட்கக்கேடு என்றே எழுதினார். பெண் தோற்றாள், தாள் ஜெயித்தது.

ஒரு வருஷம் கழித்து, 2022 ஜூலை 4 அன்று, லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் கட்டடத்தில் இந்த மனுக்களுக்காக மட்டும் தேசிய டோல்ஸ் நீதிமன்றம் தொடங்கியது. 12 மாதப் பரிசோதனை என்றுதான் ஆரம்பித்தார்கள், அது மூடப்படவில்லை. பூட்டிய காப்பகம் இல்லாத வேறு இடங்களுக்கும் 25-ஆவது பிரிவை நீட்டிவிடலாம் என்று 2024 டிசம்பரில் ஒரு மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றத்தின் பழைய இடுக்கைச் சட்டத்தின் புதிய வாசலாக்கும் முயற்சி.

தேசிய நீதிமன்றம் தொடங்கி ஓராண்டு நெருங்கிய 2023-இல், இங்கிலாந்து முழுவதற்கும் இருந்த பூட்டிய சிறுவர் காப்பகங்கள் 13.